சுயம்புராஜின் ஆனைச்சிவப்பன்

சுயம்புராஜ் அண்ணாச்சிக்கு இதுவரை போர்த்தப்பட்ட பொன்னாடைகளை ஒன்றோடு ஒன்றாகத் தைத்தால் எங்கள் ஊர்க் குளத்துக்கே பந்தல் போட்டுவிடலாம். அலமாரியில் அவர் மனைவி தாணம்மாள் மதினியின் சேலைகளுக்கு இடமில்லாமல் போய் வெகு காலமாகிறது. "ஒண்ணு ரெண்டை எடுத்து மிதியடியாப் போட்டா என்ன?" என்று மதினி ஒருநாள் கேட்டுவிட்டாள். அண்ணாச்சி கோபித்துக்கொண்டு சில நாள் பேசாமல் இருந்தாராம். அந்தச் சில நாளும் வீடு நிம்மதியாக இருந்தது என்று மதினியே என்னிடம் சொன்னாள்.

தோவாளைக்குத் தெற்கே கால்வாய்த் தண்ணீர் பாயும் சின்ன ஊர் எங்களுடையது. இங்கே இயற்கை விவசாயம் என்றால் சுயம்புராஜ், சுயம்புராஜ் என்றால் இயற்கை விவசாயம். இதை நான் சொல்லவில்லை. ரோட்டோர வயலில் அவரே நட்டுவைத்திருக்கும் பலகை சொல்கிறது. பலகை முழுக்க அவர் படம், கைகூப்பியபடி. நெல்லின் படம் கீழே ஓர் ஓரத்தில் இருக்கிறது, கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்.

இந்த மகான் ஒரு காலத்தில் உரக்கடை வைத்திருந்தவர். யூரியா, பொட்டாஷ், குருணை மருந்து, பெயரைப் படித்தாலே புழு செத்துப்போகும் மருந்துகள் எல்லாம் அவரிடம் கிடைக்கும். என் அப்பா ஒன்று கேட்டுப் போனால் இரண்டாகக் கட்டிக்கொடுத்து அனுப்புவார். பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர், கடையை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு நாட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மனம் மாறுவதில் தவறே இல்லை. ஆனால் மாறிய மறுநாளே ஊரில் மற்றவர்களைப் பாவி என்று சொல்ல ஆரம்பித்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மருந்து விற்றவர், அதை வாங்கி அடித்தவனைத் திட்டினார்.

இருந்தாலும் சங்கத்தைக் கட்டியவர் அவர்தான், அதை நான் மறைக்கக் கூடாது. இருபது பேருக்குக் கொஞ்சம் கூடுதலாக நாங்கள் இருக்கிறோம். எங்கள் வயலைப் பார்த்து இது விஷமில்லாதது என்று சொல்ல வெளியிலிருந்து ஆள் வருவதில்லை. ஒருத்தர் வயலை மற்ற ஐந்து பேர் இறங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால்தான் நாகர்கோவிலில் இயற்கை அங்காடிக்காரர்கள் அரிசியைத் தொடுவார்கள். பக்கத்து வயல்காரனை ஏமாற்ற முடியாது என்ற நம்பிக்கையில் நடக்கிற ஏற்பாடு இது. பக்கத்து வயல்காரனுக்குப் பொறாமையும் உண்டு என்பதை ஏற்பாடு செய்தவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

இனி நெல்லுக்கு வருகிறேன். அண்ணாச்சியின் பெருமையெல்லாம் ஆனைச்சிவப்பன் என்ற நெல்லின் மேல்தான். கும்பப்பூவில், அதாவது ஐப்பசி வாக்கில் நட்டு மாசியில் அறுக்கும் பட்டத்தில் மட்டும் வரும் பழைய சிவப்பு நெல். ஆள் உள்ளே நின்றால் தோள் மட்டுக்கு வளரும். காற்றடித்தால் படுத்துவிடும். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் மட்டும் விதை தப்பியிருந்தது. சங்கம் தொடங்கியபோது, "விதை சுத்தமா இருக்கணும். எல்லாரும் எங்க வீட்டுப் பத்தாயத்துல இருந்துதான் விதை எடுக்கணும்" என்று விதி போட்டார். நாங்களும் வருஷா வருஷம் அவர் வீட்டுக்கு விதைக்குப் போவோம். மரக்கால் மரக்காலாக அளந்து போடும்போது முகத்தில் ஒரு சாந்தம் வரும். கோயிலில் திருநீறு கொடுப்பவருக்குக்கூட அது வராது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு அதிசயம் நடந்தது. ஆனைச்சிவப்பன் குட்டையாகிவிட்டது. தோள் மட்டுக்கு நின்றது இடுப்பு மட்டுக்கு நின்றது. காற்றடித்தும் படுக்கவில்லை. எனக்கும் குட்டை, பக்கத்து வயல் ஜெயசிங்குக்கும் குட்டை. "என்ன அண்ணாச்சி, ஆனை ஆடாயிப்போச்சு?" என்று ஜெயசிங் கேட்டான். அண்ணாச்சி ஒரு நிமிஷம்தான் திகைத்தார்.

"பஞ்சகவ்யமாக்கும் மக்கா! மண்ணுக்கு உயிரு வந்தாச்சுன்னா பயிரு தேவைக்கு மேல வளராது. தன்னடக்கம் வந்துரும்."

அடுத்த மாதமே மதுரையில் ஒரு மேடையில் இதைப் பேசினார். பயிருக்குத் தன்னடக்கம் கற்றுக்கொடுத்த உழவர் என்று அங்கே ஒரு பொன்னாடை. பேசியவருக்கு அந்தக் குணம் எப்போது வரும் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தன்னடக்கமுள்ள அந்தப் பயிரைக் குலைநோய் பிடித்தது. மார்கழிப் பனியில் வருகிற நோய். இலையில் கண் கண்ணாகப் புள்ளி விழும், பிறகு கதிரின் கழுத்து கறுத்து ஒடியும். வெள்ளைக் கதிராக நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டு கும்பப்பூ தொடர்ந்து எங்களுக்குப் பதர்தான். மருந்தடிக்கிறவன் மருந்தடித்துத் தப்பித்துக்கொண்டான். நாங்கள் மோரும் சாம்பலும் தெளித்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் எல்லாருக்கும் நஷ்டம்தான் என்றாலும் சத்தியபாய்க்கு அது நஷ்டத்தோடு முடிகிற காரியமில்லை. சத்தியபாய்க்குச் சொந்த நிலம் இல்லை. புருஷன் போன பிறகு, திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு டாக்டரின் வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து நட்டுவந்தாள். கல்லும் கோரையுமாகக் கிடந்ததை அவள்தான் வயலாக்கினாள். டாக்டருக்குப் பாட்டமாகப் பணம் வேண்டாம், விஷமில்லாத சிவப்பரிசி வேண்டும், அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு. இரண்டு வருஷம் அரிசி போகவில்லை. "மூணாவது தடவையும் அரிசி வரலேன்னா ரோட்டுப் பக்கத்து நிலம்மா அது, மண்ணடிச்சு மனையாக்கச் சொல்லி எத்தனையோ பேர் கேக்கிறாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரும் கும்பப்பூ விளைந்தால் வயல் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சத்தியபாய் இதை ஒளிக்கவில்லை. சங்கக் கூட்டத்திலேயே எழுந்து சொன்னாள்.

அப்படி ஒரு கூட்டத்துக்குத்தான் அஸ்வதி வந்தாள். தக்கலைப் பக்கத்துப் பெண், நெல் ஆராய்ச்சியில் வேலை. ஒரு சாக்குப்பையில் விதையோடு வந்திருந்தாள். முதல் அரைமணி நேரம் திரையில் படம் போட்டுப் பேசியதில் எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி, நல்ல சேதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவனைத் தூங்கவைத்துவிடுவார்கள். நல்லவேளை, மின்சாரம் போனது. பிறகுதான் வாயால் பேசினாள்.

"உங்க ஆனைச்சிவப்பனையும் குலைநோய் வராத வேற ஒரு பழைய நெல்லையும் சேத்தோம் மாமா. பூவோட பூ சேத்து, கையாலதான். பொறந்ததுல நோய் தாங்குகதை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்ப ஆனைச்சிவப்பன்கூடயே சேத்தோம். இப்போ இது ஆனைச்சிவப்பன்தான். நோய் தாங்குத அந்த ஒரு குணம் மட்டும் கூட இருக்கு."

"எது தாங்கும், எது தாங்காதுன்னு நாத்துலயே எப்பிடிப் பிள்ளே தெரியும்?" என்று ஜெயசிங் கேட்டான்.

"பொறந்த பிள்ளைக்க காதுக்குப் பொறத்தால உள்ள மச்சத்தைப் பாத்து இன்ன வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுவோம்லா? அதுபோலத்தான். இலையில ஒரு நுள்ளு எடுத்து லேபுல பாத்தா அடையாளம் தெரியும். அடையாளம் உள்ளதை வச்சுக்கிடுவோம், இல்லாததைக் களைஞ்சிருவோம். மச்சத்தை நாங்க வைக்கல்ல மாமா, இருக்குத மச்சத்தைப் பாக்கோம். அவ்வளவுதான்."

அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மக்ளே, நீ படிச்ச பிள்ளை. ஆனா லேபு வாசலை மிதிச்ச நெல்லு இந்தச் சங்கத்து வாசலை மிதிக்காது. ஜீனை மாத்துகது, ஜீனைப் பாக்குகது எல்லாம் ஒரே குடும்பந்தான். எங்க தாத்தா எந்த லேபுல பாத்தாரு?"

"நம்ம விதியில மரபணு மாத்தினதுக்குத்தான் தடை இருக்கு. இது அது இல்லன்னு மேல உள்ள அதிகாரிகள்ட்ட கேட்டாச்சு மாமா. மருந்தடிக்கவங்களுக்கு இந்த விதை வேண்டவே வேண்டாம், அவங்க ஒரு டப்பா வாங்கி அடிச்சுட்டுப் போயிருவாங்க. மருந்தடிக்காத உங்களுக்குத்தான் இது வேணும். நோயை விதை தாங்கணும், இல்லேன்னா நீங்க தாங்கணும்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. எனக்கே புரிந்தது. ஆனால் அண்ணாச்சி கையெழுத்து வாங்கும் குரலில், "லேபு நெல்லு வேண்டாங்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார். அவரிடம்தான் எல்லாரும் விதைக்குப் போக வேண்டும். நானும் ஜெயசிங்கும் சத்தியபாயும் தவிர எல்லாக் கையும் மேலே போனது. அஸ்வதி சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே சத்தியபாயும் இறங்கினாள். தோவாளை பஸ் வருவதற்குள் அந்தப் பை கைமாறிவிட்டது.

மறைத்து ஒன்றும் செய்யவில்லை. பட்டப்பகலில் நாற்றுப் பாவினாள், கேட்டவர்களிடம் இன்ன விதை என்று சொன்னாள். அண்ணாச்சியிடமும் போய்ச் சொன்னாள்.

"அண்ணாச்சி, கோவப்படாதேயும். இந்தத் தடவையும் பதராப் போனா எனக்கு வயலு கிடையாது. உமக்குப் போனா ஒரு வெள்ளாமைதான் போவும்."

அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் ஒரு புதிய விதி மட்டும் எழுதிச் சேர்த்தார். சங்கத்தின் அசல் விதையை விட்டுக் கள்ள விதை நட்டவர் மூன்று வருஷம் சங்கத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பெயர் போடவில்லை. அவ்வளவு நாகரிகம் உண்டு அவருக்கு.

மார்கழிப் பனி வந்தது, குலைநோயும் வந்தது. எங்கள் வயல்கள் புள்ளி விழுந்து, கழுத்து கறுத்து நின்றன. நடுவில் சத்தியபாயின் வயல் மட்டும் பச்சைப்பசேல் என்று, தோள் உயரத்துக்கு நின்றது. நான் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தேன். சிறுவயதில் அந்த உயரத்து நெல்லுக்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். இறங்கி ஒருதரம் ஒளிந்துபார்க்கலாமா என்றிருந்தது.

ஐந்து பேர் வயல் பார்க்கும் நாளும் வந்தது. அண்ணாச்சிதான் தலைமை. வரப்பில் ஏறியதும், "பாத்தேளா, பாத்தேளா!" என்றார். "எப்பிடி அசுரத்தனமா வளந்து நிக்கு! இதாக்கும் ஜீனு மாத்தினதுக்க லட்சணம்."

"அண்ணாச்சி, முன்னால நம்ம நெல்லு இந்த ஒசரந்தான நின்னுது?" என்றான் ஜெயசிங்.

"அது அந்தக் காலம். நீ மண்ணைப் பத்தி இன்னும் படிக்கணும் மக்கா."

"ஒரு புள்ளி விழல்லியே அண்ணாச்சி. நான் ஒரு சொட்டு மருந்து தொடல்ல. மண்ணை எடுத்து வேணும்னாலும் பாரும்" என்றாள் சத்தியபாய்.

"அதான் சொல்லுகேன். மருந்தும் அடிக்கல்ல, நோயும் வரல்லன்னா அந்த நெல்லுக்குள்ளயே என்னமோ இருக்கு."

இருக்கத்தான் செய்தது. அதைத்தானே அந்தப் பெண் தொண்டை வறளச் சொல்லிவிட்டுப் போனாள்? அண்ணாச்சி கையெழுத்துப் போடவில்லை. அவர் போடாததால் மற்றவர்களும் பேனாவை மூடிக்கொண்டார்கள்.

அத்தோடு விட்டிருந்தால்கூட அவரை மன்னித்திருப்பேன். அன்று சாயங்காலம் டீக்கடையில் எனக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு திருவனந்தபுரத்து டாக்டருக்குப் போன் போட்டார். "டாக்டர் சார், ஒரு நல்ல எண்ணத்துல சொல்லுகேன். உங்க வயல்ல நிக்குகது ஜீன் மாத்தின நெல்லு. பிள்ளைகளுக்குக் கொடுத்துராதீங்க" என்றார். அந்த டாக்டர் மனுஷ உடம்பையே அறுத்துப் படித்தவர். ஒரு நெல்லைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஜீன் என்ற வார்த்தை அவரையும் பேய் மாதிரிப் பிடித்துக்கொண்டது. தன் உடம்பு முழுக்க அதுதான் இருக்கிறது என்று படித்துப் பாஸான மனுஷர்!

சத்தியபாய் அறுத்தாள். நல்ல விளைச்சல். பாட்ட அரிசியைக் குத்தி மூட்டை கட்டி டாக்டருக்கு அனுப்பினாள். வண்டியிலிருந்து இறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். கையெழுத்து இல்லாததால் இயற்கை அங்காடியும் வாங்கவில்லை. நானும் ஜெயசிங்கும் கூட்டத்தில் சத்தம் போட்டோம். அப்போதுதான் அண்ணாச்சி, தன் வாழ்க்கையில் செய்த எல்லாத் தவறுகளிலும் அழகான தவறைச் செய்தார்.

"சரி, பாத்துருவோம். எங்க தாத்தாவுக்க நெல்லு ஒரு பக்கம், இவளுக்க நெல்லு ஒரு பக்கம். அந்த லேபுலயே கொண்டு வச்சுப் பாக்கட்டும். எது அசலு, எது கள்ளம்னு ஊருக்குத் தெரியட்டும்!"

நேற்று வரை தீட்டாக இருந்த லேப் இன்றைக்கு நீதிபதியாகிவிட்டது. அவரே பத்தாயத்திலிருந்து ஒரு கை நெல் எடுத்து, மஞ்சள் துணியில் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்துக் கொடுத்தார். அஸ்வதி வந்து வாங்கிக்கொண்டாள். எங்கள் ஊரிலிருந்தே பல வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு அதிகாரி வாங்கிப்போய்க் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்திய ஆனைச்சிவப்பனும் அவர்களிடம் இருக்கிறதாம், அதோடு இரண்டையும் ஒத்துப்பார்க்கலாம் என்றாள். "நல்லா பாரு மக்ளே, நல்லா பாரு" என்றார் அண்ணாச்சி.

முடிவு தெரிவதற்கு முன்னால் லாரி வந்துவிட்டது. சிவந்த மண். முதல் லாரி சாய்த்தபோது சத்தியபாய் வரப்பில்தான் நின்றாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. நான் போய்க் கூப்பிட்டதற்கு, "ஒரு லோடுக்கு எவ்வளவு எடம் மூடும்னு பாத்துட்டு நிக்கேன் அண்ணே" என்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பங்குனியில் நூலகத்து மாடியில் கூட்டம். எல்லாரும் வந்திருந்தோம். மதினியும் உறுப்பினர்தான், வழக்கம்போலப் பின்வரிசையில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அஸ்வதி இந்தத் தடவை திரை கொண்டுவரவில்லை, பிழைத்தோம்.

"சத்தியபாய் அக்காவுக்க நெல்லு குளிர்பெட்டியில உள்ள ஆனைச்சிவப்பன் கூட ஒத்துப்போவு. நாங்க சேத்த அந்த ஒரு துண்டு மட்டும் வேற. மத்தபடி அசலு ஆனைச்சிவப்பன்."

"சரி, எங்க தாத்தாவுக்கது?"

அஸ்வதி கொஞ்சம் தயங்கினாள். "மாமா, அது ஆனைச்சிவப்பனே இல்ல. கேரளத்துல ஐம்பது வருஷத்துக்கு முந்தி வெளியிட்ட குட்டைச் சிவப்பு ரகம். அதுல பாதி ஐ.ஆர்.எட்டு."

ஐ.ஆர்.எட்டு! மேடைதோறும் மண்ணைக் கொன்ற பூதம் என்று அண்ணாச்சி பெயர் சொல்லித் திட்டுகிற அதே நெல்.  ஜெயசிங் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அண்ணாச்சி மேசையைத் தட்டினார். "கள்ளம்! லேபுல மாத்திட்டாவ! எங்க தாத்தா நெல்லு எனக்க வீட்டுப் பத்தாயத்தை விட்டு வெளிய போனதே இல்ல."

"வெளிய போகல்ல. வயித்துக்குள்ள போச்சு" என்றது பின்வரிசை.

மதினி எழுந்து நின்றாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆவணி மாதம், அண்ணாச்சி சென்னைக்கு ஒரு பொன்னாடை வாங்கப் போயிருந்தார். வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் அவிக்க வேண்டும். பத்தாயத்தைத் துடைக்க எல்லா மூட்டையையும் வெளியே எடுத்து வைத்திருந்தாள். இருட்டு அறையில் ஓரமாகக் கிடந்த மூட்டைகளை இழுத்து நெல் அவிக்கும் குட்டுவத்தில் கொட்டி அடுப்பை மூட்டிவிட்டாள்.

"ஆவி வரும்போ வேப்பிலை வெந்த மணம் வந்துது. வெதை நெல்லுலதான வேப்பிலை போட்டு வைப்போம்? பாத்தா வெதை நெல்லு அம்புட்டும் வாயைப் பொளந்து கெடக்கு. இனி அது மொளைக்குமா? எனக்குக் கையும் காலும் ஓடல்ல. இவுகளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? கோட்டாறு கடையில போயி அதே நெறத்துல செவப்பு நெல்லு வாங்கிட்டு வந்து வேப்பிலையைப் போட்டு வச்சேன்."

"அவிச்ச நெல்லை என்ன செஞ்ச மதினி?" என்று ஜெயசிங் கேட்டான்.

"என்ன செய்ய? குத்திச் சோறாக்கினோம். மாசக்கணக்குல தின்னோம். லேசாக் கசக்கும். 'ஏட்டி, இதாக்கும் பாரம்பரியத்துக்க ருசி'ன்னு சொல்லிச் சொல்லித் தின்னாவ."

அதற்குப் பிறகு அந்த மாடியில் எழுந்த சிரிப்பு கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். தாத்தாவின் விதையில் கடைசி மணி வரை பேரன் தின்று தீர்த்திருக்கிறார். மிச்சத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, நோய் தாங்க வைத்து, வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்த பெண்ணை விரட்டியிருக்கிறார். கோட்டாற்றுக் கடைநெல்லை எங்கள் எல்லாருக்கும் மரக்காலில் அளந்து கொடுத்திருக்கிறார், அந்தச் சாந்தமான முகத்தோடு.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். அண்ணாச்சி, அப்புறம் சத்தியபாய்.

சிரிப்பு அடங்கியதும் யாரோ, "கள்ள வெதை நட்டவருக்கு மூணு வருஷம்னு ஒரு விதி இருக்கே?" என்றார்கள். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இது தெரியாதுல்லா மக்கா. தெரியாம நடந்ததுக்கு விதி கெடையாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திப் பெருந்தன்மையோடு, "போனது போவட்டும். சத்தியபாய் வயலுக்கு நான் இப்பவே கையெழுத்துப் போடுகேன். சங்கம் அவளை ஏத்துக்கிடுகு" என்றார்.

சத்தியபாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எந்த வயலுக்கு அண்ணாச்சி போடுவீரு? அதுல மண்ணு கெடக்கு."

அண்ணாச்சி பேனாவை எடுக்கப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்தார்.

"உம்மளை வெளிய போடாண்டாம். நீரு தலைவராவே இரும். ஒரு காரியம் மட்டும் செய்யும். அண்ணைக்கு டாக்டருக்குப் போன் பண்ணினீருல்லா? அதுபோல இப்போ ஒருக்காப் பண்ணும். நான் நட்டது நல்ல நெல்லுதான்னு எல்லாரும் கேக்கச் சொல்லும். பாதி வயலு இன்னும் மூடாம கெடக்கு."

தப்பிக்க வழியில்லை. ஜெயசிங் அண்ணாச்சியின் போனை வாங்கி, எண்ணைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தான். மணி அடித்தது. டாக்டர் எடுத்தார்.

"ஆ, சுயம்புராஜ்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லலேன்னா அந்த அரிசியைப் பிள்ளைங்க சாப்பிட்டிருப்பாங்க. உங்களை மாதிரி நாலு பேர் இருக்கிறதாலதான் நாடு இன்னும் உருப்படியா இருக்கு. வீட்ல தினமும் உங்களைப் பத்தித்தான் பேச்சு. சொல்லுங்க, என்ன விஷயம்?"

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான் சொன்னது தப்பு, அவ்வளவுதான். சத்தியபாய் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சியின் வாய் திறந்தது. எனக்குக்கூட ஒரு நொடி அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது, அந்த நொடியை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"ஒண்ணுமில்ல டாக்டர். சும்மா... சொகமா இருக்கீங்களான்னு கேக்கத்தான்" என்றார். போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மனுஷன் இவ்வளவு கேவலமாகவும் இருக்க முடியுமா என்றிருந்தது எனக்கு. சத்தியபாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அப்போ நான் வாறேன். அண்டியாபீசுல ஆளு எடுக்காவளாம்" என்று படிப்பக்கம் நடந்தாள். வயல் போனவர்கள் எங்கள் பக்கத்தில் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் அந்த முந்திரிப்பருப்பு ஆலைதான்.

"நில்லு சத்தியபாய்" என்றாள் மதினி.

அவள் இன்னும் உட்காரவே இல்லை.

"ரோட்டோரத்து வயலு எனக்க அப்பன் எனக்கு எழுதித் தந்தது. வாற கும்பப்பூவுக்கு நீ அதுல உனக்க நெல்லை நடு. பாட்டம் பொறவு பேசிக்கிடலாம்."

அண்ணாச்சி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஏட்டி, உனக்குப் பைத்தியமா? அது எனக்க பலகை நிக்குத மாதிரி வயலுல்லா! காலேஜுப் பிள்ளையளெல்லாம் பஸ்ஸு பிடிச்சு வந்து பாக்குத வயலுல்லா!"

"இப்போ அந்த டாக்டருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தியன்னா நான் வாயைத் தொறந்திருக்க மாட்டேன்" என்றாள் மதினி.

அண்ணாச்சி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். யாராவது தனக்காக ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்து நின்றார். நாங்கள் எழுந்து, வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சத்தியபாய்க்கும் மதினிக்கும் பின்னால் படியிறங்கினோம்.